பதினேழாம் எண் இயந்திரம்

பதினேழாம் எண் இயந்திரத்தில்
நானூற்றுப் பன்னிரண்டு குடித்தனம்.
மாதம் இரண்டு யூரோ, எல்லாமே வரம்பற்றது
என்று விளம்பரம் எழுதியவர் மேலாளர் கெஸ்துதிஸ்.
"எல்லாரும் ஒரே நேரத்திலா வரப்போகிறார்கள், ஸ்கிர்மன்தே?"
சிரித்துவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்.
சட்டியில் என்ன மிச்சமென்று
இரவு முழுக்க அகப்பை பிடிக்கிற எனக்குத்தான் தெரியும்.

கௌனஸில் ஜனவரி.
கடைசி டிராலி பஸ் போய் நேரமாகிறது.
அலமாரிகளுக்கு முன்பக்கம் குளிர், பின்பக்கம் வெக்கை.
பின்பக்கம் நின்று கை காய்ச்சிக்கொள்கிறேன்.
யாரோ ஒரு பல் மருத்துவரின் நேர அட்டவணையும்
யாரோ இருவரின் திருமணப் படங்களும்
என் விரல்களைச் சூடாக்குகின்றன.

இரண்டு பத்துக்கு முதல் புகார்.
யூர்பர்கஸ் ஊர் மலர்வளையக் கடை, எழுதியவள் யாத்விகா:
"பக்கம் திறக்க நாற்பது விநாடி ஆகிறது.
துக்க வீட்டார் நாற்பது விநாடி காத்திருக்க மாட்டார்கள்."
அவர்களுக்கு இனி என்ன அவசரம்
என்று தட்டினேன்.
அழித்தேன்.
"பார்க்கிறோம்" என்று அனுப்பினேன்.

செருப்புக் கடையைத்தான் முதலில் சந்தேகித்தேன்.
தள்ளுபடி வாரம், பழைய குற்றவாளி.
அது சாதுவாகத் தூங்கிக்கொண்டிருந்தது.
தேன் விற்பவர், பனிச்சக்கரம் விற்பவர்,
நாய்களுக்குக் கம்பளிச் சட்டை பின்னுபவர்
எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள்.
தம் முன்னால் நிற்பது யாரென்று
ஒருவருக்கும் தெரியாது.
ஒரே கூரை என்பதே தெரியாது.

கடைசியில் கண்டுபிடித்தேன்.
ப்ளுங்கே நகரத்துப் பாடகர் குழு.
கடைசிக் கச்சேரி இரண்டாயிரத்துப் பதினொன்றில்.
அதற்குப் பிறகு ஒரு வரி ஏறவில்லை.
ஆனால் ஒரு நாள்காட்டி இருக்கிறது,
அதன் மூலையில் ஓர் அம்புக்குறி: அடுத்த மாதம்.

எங்கிருந்தோ வந்த ஒரு சிலந்தி, வலை மேயும் நிரல்,
அந்த அம்பை அழுத்தியிருக்கிறது.
மறுபடி அழுத்தியிருக்கிறது.
அடுத்த மாதத்துக்கும் ஓர் அடுத்த மாதம் இருந்தது.
நான் பார்த்தபோது
நாலாயிரத்து எண்ணூற்று ஆறாம் ஆண்டில் நின்றது.
என் இயந்திரமோ பொய் சொல்லத் தெரியாதது.
மார்ச் ஒன்று என்ன கிழமை?
கணக்குப் போட்டது. புதன்.
கட்டம் வரைந்தது, முப்பத்தொரு வெள்ளைக் கட்டங்கள்,
அடியில் ஒழுங்காக எழுதியது:
நிகழ்ச்சி எதுவும் இல்லை.
விநாடிக்குத் தொண்ணூறு தடவை.

வராத கச்சேரிகளை எண்ணி முடிக்கும்வரை
யூர்பர்கஸில் யாரோ இறந்தவருக்கு
மலர் காத்திருந்தது.

விதிப்படி கணக்கையே முடக்க வேண்டும்.
உரிமையாளர் ப்ரோனியுஸுக்கு அனுப்பிய மடல்
அப்படி ஒரு முகவரியே இல்லையென்று திரும்பியது.
பணம் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது.
எந்த வங்கிக் கணக்கோ
அவருக்காக இன்னும் இரண்டு யூரோ கட்டுகிறது,
யாரும் சொல்லாததால்.
முடக்கும் பொத்தானுக்கு மேல்
விரல் கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு அந்த அம்புக்குறியை மட்டும் எடுத்தேன்.
இந்த டிசம்பருக்கு அப்பால் மாதமில்லை.
சிலந்தி ஒரு சுவரைத் தொட்டு
வந்த வழியே போயிற்று.

இரண்டு ஐம்பது. பக்கம் திறக்க ஒரு விநாடிக்கும் குறைவு.
மூன்று மணிக்கு யாத்விகா எழுதினாள்:
"நன்றி. ஒரு ஆர்டர் வந்துவிட்டது."
மகிழ்ச்சி என்று பதில் போட்டுவிட்டு
அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்குக் கெஸ்துதிஸ் வந்தார்,
மேலங்கியில் பனி, கையில் காப்பி.
திரையில் கோடு தாழ்ந்து படுத்திருந்ததைக் கண்டார்.
"அட, பதினேழில் நிறைய இடம் இருக்கிறதே!"
இருபது புதுக் குடித்தனங்களின் பட்டியலை
என் மேசையில் வைத்தார்.

முதல் பெயர்,
யூர்பர்கஸில்
இன்னொரு மலர்வளையக் கடை.